அல்பின் எதிர்காம்பிட்டுடன் ஆறு ஆண்டுகள்

சதுரங்கத்தில் 1. டி4 டி5 2. சி4 என்று வெள்ளை தொடங்கினால், கடந்த ஆறு ஆண்டுகளாக என் பதில் 2... இ5 மட்டுமே; ஒரு சிப்பாயைத் தியாகம் செய்து பதிலடி கொடுக்கும் இந்தத் தொடக்கம்தான் அல்பின் எதிர்காம்பிட்டு. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வாசிகசாலை மேசையில் இதை முதன்முறை ஆடியபோது, எதிரே இருந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, சிப்பாயைச் சும்மாவோ தாறீர்?" என்று கேட்டார். சும்மா இல்லை, அவர் அதை வெட்டியதும் கறுப்பின் மற்றச் சிப்பாய் டி4 இல் போய்க் குந்திக்கொள்ள, வெள்ளைக் குதிரை வழக்கமாக வரும் சி3 கட்டம் அடைபட்டுவிடுகிறது.

பலரையும் போல நானும் முன்னாள் உலகச் சாம்பியன் லாஸ்கரின் பெயர் கொண்ட பொறியைக் கண்டுதான் இதற்குள் வந்தேன். வெள்ளை அவசரப்பட்டு 4. இ3 ஆடினால், கறுப்பு மந்திரி பி4 இலிருந்து அரசனை முற்றுகையிட, வெள்ளை தன் மந்திரியால் டி2 இல் மறிக்க, கறுப்புச் சிப்பாய் இ3 ஐ வெட்டுகிறது. அப்போது வெள்ளை ஆசைப்பட்டு பி4 மந்திரியை எடுத்தால், அந்தச் சிப்பாய் எஃப்2 வழியே ஜி1 குதிரையையும் வெட்டி, ராணியாக அல்ல, குதிரையாக மாறுகிறது. ராணியாக மாறினால் வெள்ளை டி8 இல் நம் ராணியை முற்றுகையுடன் வெட்டித் தப்பிவிடும். குதிரையோ உடனே முற்றுகையிடுவதால் அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. இத்தனை அழகான பொறி ஆறு ஆண்டுகளில் எனக்கு இரண்டே தடவைதான் வாய்த்தது.

உண்மையான சோதனை 4. குதிரை எஃப்3, குதிரை சி6 5. ஜி3 இல் இருக்கிறது. வெள்ளையின் ஜி2 மந்திரி நீண்ட மூலைவிட்டத்தில் பி7 வரை குறிவைக்க, நான் பழைய வழக்கப்படி அரசனை ராணிப் பக்கம் கொண்டுபோய்க் கோட்டை கட்டிவிட்டு, ஆசிரியரின் பி சிப்பாய் உருண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே பல மாதங்கள் தோற்றேன். ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் மொரோசெவிச் ஆடிக்காட்டிய 5... குதிரை இ7 தான் என்னைக் காப்பாற்றியது. அது ஜி6 க்குப் போய் இ5 சிப்பாயைத் தாக்குவதால், கொடுத்த கடன் பெரும்பாலும் திரும்பி வருகிறது.

1893 இல் நியூயோர்க்கில் லாஸ்கருக்கு எதிராக இதை ஆடிய, இதற்குப் பெயர் தந்த அல்பினே தோற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து நிமிட ஆட்டங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; நீண்ட நேர ஆட்டத்தில், தயாராக வந்தவர் முன் நானே தயங்குகிறேன். என் பெரிய மனக்குறை வேறு: இப்போது இளம் பிள்ளைகள் சி4 ஐத் தொடாமல் மந்திரியை எஃப்4 இல் வைக்கும் லண்டன் முறையையே ஆடுவதால், என் காம்பிட்டுக்கு இடமே கிடைப்பதில்லை. ஆசிரியர் மட்டும் இன்றும் சி4 ஆடுகிறார்.