மேடவாக்கமா, தென்காசியா: சின்னப் பிள்ளைகளோடு ஊர் மாறும் முன் போட்ட கணக்கு

சென்னையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, "பேசாம ஊருக்கே போயிடலாமா" என்று யோசிக்கும் குடும்பங்கள் இப்போது நிறைய. எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. பேசினோம், சண்டை போட்டோம், கடைசியில் மேடவாக்கம் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தென்காசிக்கு வந்துவிட்டோம். அப்போது மூத்தவள் ஒன்றாம் வகுப்பு, சின்னவனுக்கு ஒன்றரை வயது. வந்தது எங்களுக்கு நல்லதாகத்தான் அமைந்திருக்கிறது. அதனால் நான் எழுதுவது தென்காசிப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஆனால் நல்லதாக அமைந்ததற்குச் சாரலும் அருவியும் காரணம் என்று யாராவது நினைத்தால், அது அவர்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும். எங்கள் விஷயத்தைத் தீர்மானித்தது என் சம்பளம்.

அதற்கு முன், எல்லோரும் கேட்கும் கேள்விகளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

வாடகை. மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 17,000, பராமரிப்பு 2,500. இங்கே இலஞ்சி போகும் பக்கம் தனி வீடு, மாடிப்படி, கொல்லையில் முருங்கை, வாடகை 8,500. அட்வான்ஸும் குறைவு.

மழை, தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையைச் சுற்றித் தேங்கிய தண்ணீரையும் பார்த்தோம். ஆனால் அதே டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்கள் பட்டபாடு சென்னைக்குக் குறைந்தது அல்ல. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. வெள்ளத்துக்குப் பயந்து ஊர் மாறுகிறேன் என்ற வாதம் இங்கே எடுபடாது. கோடையில் குடம் தூக்கி அலையவில்லை என்பது மட்டும் உண்மை.

பள்ளிக்கூடம். மூத்தவளுக்குச் சென்னையில் கட்டியதில் பாதிக்கும் குறைவாகத்தான் இங்கே மெட்ரிக் பள்ளியில் கட்டுகிறோம். பாடம் நடத்துவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இங்கிலீஷ் பேசும் பழக்கம் குறைந்திருக்கிறது, அதை வீட்டில்தான் ஈடுகட்ட வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் சேர்ப்பது பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்துவிட்டது. சென்னையில் இருந்தவரை அரசுப் பள்ளி என்று ஒரு வழி இருப்பதே எங்கள் கணக்கில் வரவில்லை. ஆனால் என் மகள் இன்னும் சின்ன வகுப்பு. ஒன்பது, பத்து படிக்கும் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு நான் எதுவும் சொல்லக்கூடாது.

ஆஸ்பத்திரி. இதில் சென்னைதான் மேல், சந்தேகமே வேண்டாம். தென்காசியில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது, குழந்தை டாக்டர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்குக்குக் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரிக்கு ஓட வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், ராத்திரியில்கூட ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இதயப் பிரச்சினை, வலிப்பு, சர்க்கரை என்று ஸ்பெஷலிஸ்டை அடிக்கடி பார்க்க வேண்டிய பிள்ளை இருந்தால், வாடகையைப் பார்த்து வராதீர்கள்.

இனி சம்பளம்.

ஊர் மாறும் பேச்சு வந்தாலே கணவனின் வேலையைப் பற்றித்தான் பேசுவார்கள். "உன் மாப்பிள்ளைக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம்தானே, அப்புறம் என்ன?" என்று என் சித்தி கேட்டார். என் வீட்டுக்காரர் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறார். அவர் வேலை லேப்டாப்போடு வந்துவிடும். நான் மருந்தாளுநர், பி.ஃபார்ம். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை ஃபார்மசியில் 31,000 வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த 31,000 லேப்டாப்போடு வராது. இளம் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான்: அவன் வேலை வருகிறது, அவள் வேலை சென்னையிலேயே நின்றுவிடுகிறது. "கொஞ்ச நாள் பிள்ளைகளைப் பாத்துக்கட்டும்" என்பார்கள். அந்தக் கொஞ்ச நாள் வருடக் கணக்காகிவிடும்.

தென்காசிப் பக்கம் பெண்கள் வேலை பார்க்காத ஊர் இல்லை. ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் திண்ணையில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவர்களைப் பார்க்கலாம். பேசிக்கொண்டே இருப்பார்கள், கை மட்டும் நிற்காது. படித்த பெண்களுக்கு இருப்பவை தனியார் பள்ளி, ஜவுளிக்கடை, சின்ன ஆஸ்பத்திரி, மெடிக்கல் ஷாப், வங்கி. மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் கம்பெனி இருக்கிறது, அதில் வேலை கிடைத்தவர்களுக்கு வேறு கணக்கு. அரசு வேலையும் வங்கியும் போக மற்றதில் சம்பளம் சென்னையில் பாதி.

அந்தப் பாதியை வைத்துப் போட்ட கணக்கு இது. வாடகையும் பராமரிப்புமாக மாதம் 11,000 மிச்சம். சின்னவனுக்குச் சென்னையில் டே கேர் 9,000 கட்டினோம். இங்கே அத்தை பார்த்துக்கொள்கிறார். ஆக 20,000 செலவு குறைகிறது. எனக்கு இங்கே 15,000 சம்பளத்தில் வேலை கிடைத்தால் வரவில் 16,000 குறையும். மாதம் 4,000 கையில் நிற்கும். வேலை கிடைக்காவிட்டால் வரவில் 31,000 போய்விடும், மாதம் 11,000 துண்டு விழும். ஊர், காற்று, முருங்கை மரம் எல்லாம் அதேதான். நான் வேலைக்குப் போகிறேனா இல்லையா என்ற ஒன்றுதான் மாறுகிறது, அதற்கே மாதம் 15,000 வித்தியாசம்.

சம்பளத் தொகையோடு கணக்கு முடிந்துவிடவும் இல்லை. எனக்கு இரண்டு இடத்தில் வேலை கிடைத்தது. ஒன்று வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மெடிக்கல் ஷாப், 16,000. இன்னொன்று பஸ் ஏறிப் போக வேண்டிய ஆஸ்பத்திரி ஃபார்மசி, 15,000. வீட்டில் எல்லோரும் பக்கத்துக் கடையைத்தான் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரியை எடுத்தேன். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைக்கு ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, கட்டாயம் இல்லை. இருபது பேருக்குக் குறைந்தால் பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதியும் கட்டாயம் இல்லை. பிஎஃப் ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். சென்னையில் ஆறு வருடம் முடித்திருந்தேன். அதே யுஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) இன்னும் நான்கு வருடம் தொடர்ந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடும். பக்கத்துக் கடையில் சேர்ந்திருந்தால் அந்த ஆறு வருடமும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். ஈஎஸ்ஐ எனக்குச் சென்னையில் இல்லை, 21,000-க்கு மேல் வாங்கியதால். இங்கே சம்பளம் குறைந்ததால் அதற்குள் வந்துவிட்டேன், பிள்ளைகளும் சேர்ந்து வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் கம்பெனி இன்ஷூரன்ஸ் ஒரு நாள் இல்லாமல் போனாலும் கைவசம் ஒன்று இருக்கிறது.

மருந்தாளுநராக இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சின்ன ஊருக்கு வருகிறோம் என்று தெரிந்ததும், "நீங்க வரக்கூட வேண்டாம், சர்டிபிகேட்ட மட்டும் குடுங்க, மாசம் ஒரு தொகை வீடு தேடி வந்துரும்" என்று கேட்டு வருவார்கள். எனக்கும் வந்தது. கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும்போது அந்தப் பணம் சுலபமாகத்தான் தெரியும். ஆனால் கடை லைசன்ஸில் இருப்பது நம் பெயர். 1948-ம் வருட ஃபார்மசி சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. நாம் வீட்டில் இருக்கும்போது யாரோ எடுத்துக் கொடுக்கிற மருந்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

கவுண்டரில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சாயங்காலம் ஒரு அம்மா பாதி தீர்ந்த காய்ச்சல் சிரப் பாட்டிலை நீட்டி, "இதே கலர் மருந்து ஒண்ணு தாங்க" என்றார். அவர் கையில் இருந்தது ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் பாரசிட்டமால் உள்ளது. முன்னால் ஒரு தடவை வேறு கடையில் அதே கலரில் 250 உள்ளதைக் கொடுத்திருக்கிறார்கள். இவர் இரண்டையும் ஒரே மூடி அளவுதான் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பிள்ளையின் எடையைக் கேட்டு, மூடியில் பேனாவால் கோடு போட்டு, "இதுவரைக்கும்தான் ஊத்தணும், ஆறு மணி நேரம் கழிச்சுதான் அடுத்தது" என்று சொல்லி அனுப்பினேன். சென்னையில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பில் போட்டேன். நின்று இப்படிச் சொல்ல நேரம் இருந்ததில்லை. சம்பளம் பாதியானாலும் நான் படித்த வேலையை இங்கேதான் முழுதாகச் செய்கிறேன். இதைப் பணமாக்கிச் சொல்ல முடியாது, ஆனாலும் என் கணக்கில் இது இருக்கிறது.

இவ்வளவும் அத்தையால்தான் நடக்கிறது. "பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன், நீ வேலைக்குப் போ" என்று அவரே சொன்னார். இலஞ்சியில் அவர் வீட்டிலேயே இருந்தால் வாடகையும் மிச்சம் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் கொஞ்சம் தள்ளி வீடு பார்த்தோம், உறவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, மூட்டுவலி இருக்கிறது. அவரால் முடியாமல் போனால், நான் பார்த்தவரையில் ராத்திரி ஏழு வரை பிள்ளையை வைத்துக்கொள்ளும் நல்ல டே கேர் இங்கே இல்லை. பெரியவர்கள் துணை இல்லாத ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் இடமும் ஆளும் பார்த்த பிறகுதான் லாரி பேச வேண்டும்.

வீட்டுக்காரர் வேலையில் இருக்கும் ஆபத்து வேறு மாதிரி. ஃபைபர் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள், அன்றைக்கு இன்வெர்ட்டர் தாங்கும். ஆபீஸ் கூப்பிடும்போது பொதிகை எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் காலையில் சென்னை எழும்பூர். டிக்கெட்தான் பாடு, அறுபது நாள் முன்பதிவு திறந்த உடனேயே உட்கார வேண்டும், பொங்கல், தீபாவளி என்றால் சொல்லவே வேண்டாம். "இனி எல்லோரும் தினமும் ஆபீஸ் வர வேண்டும்" என்று ஒரு மெயில் வந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். அந்த நாளுக்காகத்தான் என் வேலை நின்றுவிடக்கூடாது என்று இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன். 15,000-ல் குடும்பம் நடத்த முடியாது, தெரியும். ஆனால் 8,500 வாடகையில் இருந்துகொண்டு, அவர் வேறு வேலை தேடும் மூன்று நான்கு மாதத்தைச் சேமிப்போடு ஓட்டிவிடலாம். மேடவாக்கம் வாடகையில் அது நடக்காது.

பாளையங்கோட்டையையும் யோசித்தோம். நல்ல பள்ளிகள், பெரிய ஆஸ்பத்திரிகள், எனக்குக் கொஞ்சம் கூடுதல் சம்பளம். வசதியில் சென்னைக்கும் தென்காசிக்கும் நடுவில் வைக்கக்கூடிய நல்ல இடம். அங்கே அத்தை இல்லை, மறுபடி டே கேர், மறுபடி அவசரம் என்பதால் விட்டுவிட்டோம். சொந்தம் எங்குமே இல்லாதவர்களுக்கு அதுதான் தென்காசியைவிட நல்லது என்று தோன்றுகிறது. நான் அங்கே குடியிருந்து பார்த்தவள் இல்லை.

சென்னையில் சொந்த பிளாட் வைத்திருப்பவர்கள் அதை விற்றுவிட்டு வராமல், இரண்டு வருடமாவது வாடகைக்கு விட்டுவிட்டு வாருங்கள். மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூருக்கு மெட்ரோ ஐந்தாவது வழித்தடம் வருகிறது, வாடகைக்கு ஆள் கிடைப்பது சிரமமாக இருக்காது. இங்கே வந்ததும் மனை வாங்கவும் அவசரப்படாதீர்கள். சின்ன ஊரில் மனை வாங்குவது சுலபம், விற்பதற்கு ஆள் கிடைக்க நாளாகும். வாடகைக்கே இருந்து, ஒரு மழைக்காலத்தையும் ஒரு பள்ளி வருடத்தையும் பார்த்துவிடுங்கள். வீடு தேடுவதற்கு முன் மனைவிக்கு வேலை தேடுங்கள், ஆஃபர் லெட்டர் வாங்குங்கள். அதில் பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தம் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு சென்னை வீட்டு ஓனரிடம் சொன்னால் போதும்.