டப்பாவில் ஆயுசா, வண்டியில் ஆயுசா?

கார் பெயின்ட்டுக்கு மேலே பூச எது வாங்கலாம் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். "இது 2 மாசம் நிக்கும், இது 6 மாசம், இது 3 வருஷம்" என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். அதெல்லாம் வண்டி மேல் நிற்கிற கணக்கு. திறந்த பிறகு அலமாரியில் எத்தனை நாள் நன்றாக இருக்கும் என்பதை அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. காரைக் கழுவி மெருகேற்றிக் கொடுக்கும், பத்து வண்டி வந்து போகும் டீட்டெயிலிங் கடையில் ஒரு பாட்டில் வாரத்துக்குள் காலியாகிவிடும். வீட்டில் ஒரே காரை வைத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடைக்கிறவனுக்கு அப்படியில்லை.

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் பேஸ்ட் வாக்ஸ், தெளித்துத் துடைக்கும் ஸ்ப்ரே சீலன்ட், செராமிக் கோட்டிங் மூன்றுமே இருந்திருக்கின்றன. சென்னை வெயிலிலும் புழுக்கத்திலும் இவற்றோடு பழகியதில் ஒன்று பிடிபட்டது. வண்டியில் ரொம்ப நாள் நிற்கிற சரக்குக்கு டப்பாவில் ஆயுசு கம்மி. டப்பாவில் வருஷக்கணக்கில் கிடக்கிற சரக்கு வண்டியை விட்டுச் சீக்கிரம் போய்விடுகிறது.

முதலில் வாக்ஸ். நல்ல பேஸ்ட் வாக்ஸில் கார்னௌபா என்ற மெழுகு இருக்கும். வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து எடுப்பது. நம் பனை போலவே விசிறி ஓலை. வறண்ட வெயிலில் தன் ஈரம் போய்விடாமல் காக்க அந்த மரம் ஓலைக்கு மேல் பூசிக்கொள்ளும் மெழுகைத்தான் நாம் பானட்டில் தேய்க்கிறோம். சுத்தமான கார்னௌபா உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் டப்பாவில் இருப்பது சுத்தக் கார்னௌபா இல்லை. பூச வசதியாகக் கரைப்பானும் எண்ணெயும் வேறு மெழுகுகளும் கலந்தது. மே மாத நண்பகலில் கறுப்பு பானட்டில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கலவை அங்கே என்ன பாடுபடும் என்று தெரியும். எனக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் நின்றால் பெரிது.

டப்பாவுக்குள்ளேயோ அது கல்லுப்பிள்ளையார். நாளடைவில் கரைப்பான் ஆவியாகி, மெழுகு ஓரத்தை விட்டுச் சுருங்கி, நடுவில் வெடிப்பு விழும். பார்க்கத்தான் மோசம். பஞ்சை இரண்டு சுற்று கூடுதலாகத் தேய்த்தால் வந்துவிடும். ஒருமுறை டிக்கியில் மறந்து வைத்து முழுக்க உருகிப்போனது. ஆறியதும் மேலே கொஞ்சம் எண்ணெய் மிதந்தது, அவ்வளவுதான். அதையும் பூசித் தீர்த்தேன். பழைய வாக்ஸ் வேலை செய்யாமல் போனாலும் பெயின்ட்டுக்குக் கெடுதல் செய்யாது என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

செராமிக் கோட்டிங் கதை நேர்மாறு. சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட இந்தத் திரவம் காற்றில் உள்ள ஈரப்பதத்தோடு வினைபுரிந்து கண்ணாடி மாதிரி இறுகும். பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் அதுதான். பாட்டிலின் மூடியைத் திறந்த நிமிஷத்திலிருந்து உள்ளேயும் அதே வேலை ஆரம்பித்துவிடும். திறக்காத பாட்டில் பெரும்பாலும் ஒரு வருஷம் வரை தாங்கும். திறந்ததை மாதக்கணக்கில் வைத்திருப்பது சூதாட்டம், அதுவும் கடற்கரை ஊரில்.

அந்தச் சூதாட்டத்தை நான் ஆடித் தோற்றேன். சின்ன காருக்கு 30 மில்லி போதும். மலிவாகக் கிடைத்ததென்று 50 மில்லி பாட்டில் வாங்கினேன். மிச்சத்தை இறுக மூடி வைத்து, நாலு மாதம் கழித்து பானட்டுக்கு இன்னொரு கோட் போடலாம் என்று எடுத்தால் விளக்கெண்ணெய் கணக்காக இறங்கியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பூசிவிட்டு, துடைத்தால் போகாத திட்டுத்திட்டான தடங்களோடு நின்றேன். மறுநாள் அது கல். டீட்டெயிலிங் கடைக்காரர் பார்த்துவிட்டு, "கெட்டுப்போன வாக்ஸ்னா ஷாம்பூ போட்டே எடுத்திரலாம் சார், இதைக் காம்பவுண்ட் போட்டு மெஷின்லதான் அறுக்கணும்" என்றார். காம்பவுண்ட் என்பது அரைத்துத் தேய்க்கும் பசை, அதைப் போட்டால் பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர்கோட்டும் கொஞ்சம் தேயும். அதன் மொத்தத் தடிமனே 40, 50 மைக்ரான்தான். வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு இப்படித்தான் போனது.

பாட்டில் வாயில் வெள்ளையாகத் துகள் படிந்திருந்தால் அது இறுகிய சிலிக்கா. பெயின்ட்டில் கோடு போடும். யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். நல்ல பாட்டிலில் மிச்சம் இருந்தால், திறந்த அன்றைக்கே அலாய் வீலுக்குப் பூசித் தீர்த்துவிடலாம். இன்னொன்று, டப்பாவில் போட்டிருக்கும் 9எச் என்பது பென்சிலின் கடினத்தை வைத்துக் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. சாவியால் கீறினால் கோடு விழத்தான் செய்யும். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்புக் கறையும் படியும். மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று வாரண்டி தரும் இடங்களில், இடையிடையே காசு கொடுத்து மெயின்டனன்ஸ் செய்தால்தான் அது செல்லும் என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஸ்ப்ரே சீலன்ட். வண்டியில் மூன்று நாலு மாதம், பாட்டிலில் இரண்டு வருஷம் என்பது என் அனுபவம். பெரும்பாலும் தண்ணீரில் கலந்த சரக்கு என்பதால் பிரிந்து நிற்கும். குலுக்கினால் ஒன்றுசேர்ந்து பால் மாதிரி ஆனால் நல்லது. திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக வந்தால் முடிந்தது. ஊசல் வாடை அடித்தாலும் அப்படியே. தண்ணீர் கலந்து பயன்படுத்தும் ரகமென்றால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கவும். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஒரு லிட்டர் கலந்து வைத்தால், கெடாமலிருக்கச் சேர்த்த மருந்தும் நீர்த்துப்போய்ச் சீக்கிரம் கெடும். அஞ்சு லிட்டர் கேனிலிருந்து லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றித் தரும் கடைகளிலும் வாங்க மாட்டேன். தயாரித்த மாதம், ஆண்டு பார்க்க வழியே இருக்காது.

பாலிஷ், காம்பவுண்ட் இரண்டும் பல வருஷம் இருக்கும், மூடியில் காய்ந்த பொருக்கைத் துடைத்துவிட்டு எடுத்தால் சரி.

செராமிக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புது வண்டி, மூடிய பார்க்கிங், ஒரே நாளில் பாட்டிலைக் காலி செய்கிற ஆள் என்றால் அதைவிட நல்லது இல்லை. என் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது, காக்கா எச்சத்துக்குக் குறைவில்லை. இப்போது என் அலமாரியில் இருப்பவை ஒரு வாக்ஸ் டப்பாவும் 250 மில்லி சீலன்ட் ஒன்றும். இரண்டிலும் திறந்த தேதியை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.