ஃப்ளவர் கேர்ள் உடுப்பு: ரெடிமேட் ஃப்ராக்கா, தைத்ததா, பட்டுப் பாவாடையா?

மே மாதம் என் தங்கைக்குத் திருமணம் நடந்தது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுர ஆலயத்தில் ஆராதனை, மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. பூக்கூடையோடு மணமகளுக்கு முன்னால் நடந்தவள் என் மகள், ஐந்து வயது. மூன்று விதமான உடுப்புகளை அவளுக்குப் போட்டுப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

கடையில் தொங்கும்போது நெட் ஃப்ராக்கை அடிக்க ஒன்றும் கிடையாது. ஆனால் வாங்குமுன் அதை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். நாங்கள் முதலில் வாங்கியதில் லைனிங் பாலியஸ்டர், அக்குளில் நெட்டின் வெட்டுமுனை அப்படியே நின்றது, கேன்கேனை (ஃப்ராக் விரிந்து நிற்க உள்ளே வைக்கும் விறைப்பான வலை) இடுப்புத் தையலிலேயே சேர்த்து அடித்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் "அம்மா, குத்துதும்மா" என்று அழுதாள். கழற்றினால் இடுப்பைச் சுற்றிச் சிவந்த கோடு. மே மாத வெயிலில் ஒன்றரை மணி நேர ஆராதனைக்கு அதைப் போட்டு உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரெடிமேடைப் பிடித்துச் சிறிதாக்கலாம், பிரித்துப் பெரிதாக்க முடியாது. பக்கத் தையலுக்குள் கால் இஞ்ச் துணிகூட இருக்காது. உயரத்தைக் குறைப்பதென்றால் ஒவ்வொரு அடுக்கையும் வெட்ட வேண்டும், ஓரத்து எம்பிராய்டரி போய்விடும். '5–6 வயது' என்ற சீட்டை நம்பாமல் டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்து எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் போனோம். க்ரீம் சாட்டின் இரண்டரை மீட்டர், உள்ளே முழுக்க மல் என்னும் மெல்லிய பருத்தித் துணி, மேலே ஒரே அடுக்கு நெட். கேன்கேனைத் தனிப் பருத்திப் பாவாடையில் வைத்துத் தரச் சொன்னேன். பாத்ரூம் போகும்போது அதை மட்டும் கழற்றிவிடலாம். சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். "நெஞ்சுல ரெண்டு இஞ்ச் லூஸ் விட்டுத்தான் வெட்டணும், பிள்ளை மூச்சு விடணும்லா" என்றார் அக்கா. ஜிப்புக்குப் பின்னால் ஒரு பட்டைத் துணி, இடுப்பில் பின்னால் கட்டும் நாடா, ஓரத்தில் இரண்டு இஞ்ச் மடிப்பு. இந்த மூன்றும் இருந்தால் கடைசி வாரத்தில் பிள்ளை கொஞ்சம் மெலிந்தாலும் வளர்ந்தாலும் சமாளிக்கலாம். இதில் பயம் ஒன்றுதான்: முகூர்த்த மாதங்களில் டெய்லர்கள் நாள் தள்ளுவார்கள். இரண்டு மாதம் முன்பே துணியைக் கொடுத்துவிடுங்கள்.

பட்டுப் பாவாடை சட்டையை அம்மாதான் சொன்னார்கள். "ஆலயத்தில் வெள்ளை ஃப்ராக்தானே போடுவார்கள்" என்று மாமியார் தயங்கினார். வெள்ளைதான் என்று கட்டாயம் எதுவும் இல்லை. 1840-இல் விக்டோரியா மகாராணி வெள்ளை உடுத்தி மணந்த பிறகு பரவிய வழக்கம் அது. சந்தன நிறப் பட்டில் மெல்லிய ஜரிகைக் கரை போட்டால் மணமகளின் வெள்ளைச் சேலையோடு அழகாகவே சேரும். நாடா வைத்த பாவாடை சின்னப் பிள்ளையின் இடுப்பில் நிற்காமல் நழுவும் என்பதால் தோளில் மாட்டும் பாடி (கையில்லாத மேல்பகுதி) வைத்துத் தைக்க வேண்டும். கழுத்திலும் கையிலும் ஜரிகை உரசாதபடி லைனிங் அவசியம். பாவாடையில் இரண்டு டக் (பிறகு பிரிக்கக்கூடிய மடிப்புத் தையல்) பிடித்துவிட்டால், வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும் பிள்ளைக்கு ஒவ்வொன்றாகப் பிரித்து இன்னும் இரண்டு கிறிஸ்துமஸ் போடலாம். ஃப்ராக்குக்கு அந்த ஆயுசு கிடையாது. கனமான பட்டு மட்டும் வேண்டாம், நடை தளர்ந்துவிடும்.

வாடகை உடுப்பை நான் எடுக்கவில்லை. முன்கூட்டியே அளவு திருத்த வழியில்லாததால் அது எனக்குச் சரிப்படவில்லை.

எதை எடுத்தாலும் அன்று போடப்போகும் செருப்பை மாட்டித்தான் உயரம் பாருங்கள். கணுக்காலுக்கு ஒரு இஞ்ச் மேலே ஓரம் நிற்க வேண்டும். தரையைத் தொட்டால் கூடையைப் பிடித்திருக்கும் பிள்ளைக்குக் கால் தடுக்கும். ட்ரையலில் நிற்க வைத்துப் பார்த்தால் போதாது. உட்காரச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், நான்கு படி ஏற விடுங்கள். தோள் சரிகிறதா, அக்குள் பிடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஒரு மாதம் முன்பு ஒரு முறை, ஒரு வாரம் முன்பு இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

நெட் ஃப்ராக் போட்ட பிள்ளையை மெழுகுவர்த்திப் பக்கம் விடாதீர்கள். நெட்டில் இருக்கும் நைலான் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் காலை ஆராதனைக்குத் தைத்த ஃப்ராக்கையும் மாலைக்குப் பட்டுப் பாவாடையையும் வைத்துக்கொண்டோம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் பாவாடையைத்தான் சொல்வேன். வரவேற்பு முடிந்து வீட்டுக்கு வந்தும் அதைக் கழற்றமாட்டேன் என்று அப்படியே தூங்கிவிட்டாள்.