1.4 டெசிபலின் விலை

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு டிஏசி வாங்கினேன். கணினியிலோ சிடியிலோ எண்களாகக் கிடக்கும் இசையை, ஆம்ப்ளிஃபயர் ஏற்கும் மின் அலையாக மாற்றித் தரும் பெட்டி அது. துல்லியமான மின்தடைகளை ஏணிப்படிபோல அடுக்கிச் செய்யும் ஆர்2ஆர் வகை. அதற்கு முன் என்னிடம் இருந்தது ஒன்பதாயிரம் ரூபாய் பெட்டி; ஏணி இல்லாத டெல்டா-சிக்மா வகை, உள்ளங்கையில் அடங்கிவிடும்.

காகிதத்தில் பார்த்தால் சின்னதுதான் கெட்டிக்காரன். இரைச்சலையும் சிதைவையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும் சினாட் அளவு (எண் கூடினால் சுத்தம் கூடும்) அதற்கு 115 டெசிபல், பெரியதற்கு 96. "எண்களையா காது கேட்கிறது?" என்று நண்பர்களின் வாயை அடைத்தேன். வயலினில் சதை பிடித்திருந்தது, மிருதங்கத்தின் தொப்பி அறைக்குள்ளேயே அதிர்ந்தது. சத்தியமாக அப்படித்தான் கேட்டது.

இரண்டு ஆண்டுகள் இந்த நிம்மதியில் ஓடின. பிறகு ஸ்பீக்கரில் ஓர் உறுமல் வந்தது. கணினியோடு யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் மட்டும் வரும். விற்றவர்களைக் கேட்டால் விலை உயர்ந்த கேபிள் வாங்கச் சொன்னார்கள். நான் முந்நூறு ரூபாய் ஒளியிழைக் கேபிளுக்கு மாறினேன். அதில் மின்சாரம் போகாது, வெளிச்சம்தான் போகும். கணினியின் எர்த் வழியாக வந்த உறுமல் அன்றோடு நின்றது. அந்தச் சோதனைக்காக மல்டிமீட்டரை எடுத்தவன், சும்மா இருக்காமல் இரண்டு பெட்டிகளிலும் முழு அளவில் 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு வெளியீட்டை அளந்தேன். (மலிவான மல்டிமீட்டர்கள் இந்த அதிர்வெண்ணில் நம்பகமாகக் காட்டும், மேலே போனால் உளறும்.) சின்னது 2.02 வோல்ட். பெரியது 2.38.

வித்தியாசம் ஏறத்தாழ 1.4 டெசிபல். இந்த அளவு ஏற்றம் காதுக்குச் சத்தமாகத் தெரியாது. தெளிவாக, நிறைவாகத் தெரியும். நான் சதை என்று நினைத்தது இதுவாக இருக்குமோ?

பெரியதன் ஒலியளவை அரை டெசிபல் படிகளில் மூன்று படி குறைத்தேன். என் மகன் திரைக்குப் பின்னால் நின்று நாணயம் சுண்டிப் பெட்டியை மாற்றிக் கொடுத்தான். எட்டுக்கு எட்டு சரியாகச் சொன்னேன். மார்தட்டுவதற்குள், "அப்பா, உங்கள் பெட்டி ஒவ்வொரு முறையும் டிக் என்கிறது" என்றான். சமிக்ஞை வந்ததும் அதன் உள்ளே ரிலே சுவிட்ச் போடும் சத்தம்! அதைத்தான் என் காது பிடித்திருக்கிறது.

பிறகு ஒரே ஒளியிழையைப் பிரித்து இரண்டு பெட்டிகளுக்கும் எப்போதும் சமிக்ஞை போகும்படி வைத்து, எந்தப் பெட்டி ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஆம்ப்ளிஃபயரின் திருகை மட்டும் அவன் மாற்றினான். பதினாறில் ஒன்பது சரி. குருட்டாம்போக்கில் சொல்கிறவனுக்கே சராசரியாக எட்டு வரும். பன்னிரண்டைத் தொட்டிருந்தால்தான் வாயைத் திறக்கலாம். 2007-ல் அமெரிக்காவின் ஆடியோ பொறியியல் சங்க இதழில் வந்த ஆய்வில், உயர்தரப் பதிவையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் 554 முறை கேட்கவைத்தபோது 276 முறை மட்டுமே சரியாகச் சொன்னார்கள் என்பதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடைந்தேன்.

கதை அத்தோடு முடியவில்லை. பெரிய பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால், எண்களுக்கு நடுவே கூடுதல் எண்களைக் கணக்கிட்டு நிரப்பும் மிகைமாதிரி வடிகட்டி விலகி, எண்கள் நேராக ஏணிக்குப் போகும். அந்த நிலையில் மறுபடி சோதித்தபோது பதினாறில் பதின்மூன்று. ஜால்ராவின் கூர்மை மழுங்கியிருந்தது, அதை வைத்தே பிடித்தேன். இதற்குக் காரணமும் கணக்கிலேயே இருக்கிறது. வடிகட்டி இல்லாமல் சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் எண்களைப் படிப்படியாக நிறுத்தி வெளியிட்டால், 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபலும் 20-ல் மூன்று டெசிபலுக்கு மேலும் சரிந்துவிடும். "அனலாக் இதம்" என்று பலர் உருகுவதில் ஒரு பங்கு இந்தச் சரிவுதான் என்பது என் எண்ணம். சினாட் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. அதிர்வெண் வரைபடத்தைப் பார்த்திருந்தால் கேட்காமலே தெரிந்திருக்கும்.

அந்த 115-க்கும் 96-க்கும் நடுவிலுள்ள இடைவெளி என் வீட்டில் எங்கே போனது? மின்விசிறியில் போனது. அது சுழலும்போது சிடியின் 96 டெசிபலே எனக்கு அதிகம். ஹெட்போன் போட்டால் மட்டும் கதை வேறு: கூருணர்வுள்ள இயர்போனில் பெரிய பெட்டி மெல்லச் சீறுகிறது, சின்னது ஊமை. அங்கே எண்ணும் காதும் ஒன்றையே சொல்கின்றன.

பெரிய பெட்டியை விற்கவில்லை. குளிர்காலத்தில் பூனை அதன்மேல்தான் படுக்கிறது, அவ்வளவு சூடு. பழைய ஒலிநாடாவிலிருந்து சிடிக்கு ஏற்றிய கச்சேரிகள் என்றால் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் உட்காருகிறேன். நாடாவின் சீறல் கொஞ்சம் தணிகிறது. மேசையில் வேலை செய்யும்போது ஒன்பதாயிரம் ரூபாய் பெட்டி. "அந்தச் சரிவை ஆம்ப்ளிஃபயரின் டிரெபிள் திருகிலேயே வைத்துக்கொள்ளலாமே" என்று மகன் கேட்டான். காது கேட்காததுபோல இருந்துவிட்டேன்.