0805 கெப்பாசிட்டர் சாம்பிள் புக்: பிகோ பக்கமெல்லாம் தங்கம், மைக்ரோ பக்கம் உஷார்

மூணு மாசம் முன்னாடி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல 0805 சைஸ் (சுமார் 2 மில்லிமீட்டர் நீளம்) எஸ்எம்டி, அதாவது போர்டு மேலயே வெச்சு சால்டர் பண்ற செராமிக் கெப்பாசிட்டர் சாம்பிள் புக் ஒண்ணு வாங்கினேன். 1,200 ரூபா, பிராண்ட் பேரு எதுவும் கிடையாது, கறுப்பு அட்டை போட்ட ஃபைல் மாதிரி இருக்கும், உள்ள பை பையா 36 வேல்யூ, ஒவ்வொண்ணுலயும் 25 பீஸ், 1 பிகோஃபாரட்ல (சுருக்கமா பிகோ) ஆரம்பிச்சு, அதைவிட பத்து லட்சம் மடங்கு பெரிய மைக்ரோஃபாரட் கணக்குல 22 மைக்ரோ வரைக்கும். கடை பேரை போடல, ஏன்னா இதே புக்கு அந்தத் தெருவுல பல கடைல தொங்குது, ஆன்லைன்லயும் கிடைக்குது, அதனால இதை புக்குக்கான ரிவியூவா மட்டும் எடுத்துக்கோங்க.

வீட்டுல உக்காந்து போர்டு பண்றவங்களுக்கு இந்த மாதிரி புக்கு எவ்வளவு பெரிய உதவின்னு சொல்லித் தெரியவேண்டியதில்ல. ராத்திரி பதினோரு மணிக்கு 18 பிகோ வேணும்னா எங்க போறது? பக்கத்தைத் திருப்பினோமா, டேப்பை பிரிச்சோமா, டுவீசர்ல எடுத்து வெச்சோமான்னு வேலை முடிஞ்சிடும். டேப்பும் ஒழுங்கா இருக்கு, மேல் ஃபிலிம் உரிக்கும்போது பீஸ் தெறிச்சு ஓடல, முனையெல்லாம் பளிச்சுனு இருக்கு, சால்டர் நல்லா ஏறுது. அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

பிரச்சனை எங்க வந்துச்சுன்னா, எங்க அபார்ட்மெண்ட் தண்ணி டேங்குக்கு ஒரு மோட்டார் கன்ட்ரோலர் பண்ணேன், இஎஸ்பி32 (வைஃபை இருக்கற மைக்ரோகன்ட்ரோலர்), 12 வோல்ட் அடாப்டர், அதுல இருந்து 3.3 வோல்ட்டுக்கு இறக்க ஒரு பக் கன்வர்ட்டர். இன்புட்ல 10 மைக்ரோ, அவுட்புட்ல 22 மைக்ரோ ரெண்டு, எல்லாம் இந்த புக்குல இருந்துதான். வீட்டுல மேசை மேல ஒரு வாரம் ஓடுச்சு, ஒரு தடவைகூட ரீசெட் ஆகல. மொட்டை மாடில பெட்டிக்குள்ள மாட்டினேன், காலைல நல்லா ஓடும், பதினொன்றரை பன்னெண்டு ஆச்சுன்னா வைஃபை கனெக்ட் ஆகும்போதே பிரவுன் அவுட்னு (வோல்ட்டேஜ் பத்தலன்னு) ரீசெட் ஆகும், சாயங்காலம் வெயில் இறங்கினா தானா சரியாயிடும். ரெண்டு நாள் புரோகிராம்ல தப்பு தேடினேன், அடாப்டரை மாத்தினேன், ரெகுலேட்டர் ஐசியைக்கூட மாத்தினேன். அப்புறம்தான் வெயில்ல மட்டும் வருதுன்னா சூட்டுல மாறுற பொருள் எதுன்னு யோசிச்சேன்.

புக்குல இருந்து புது 22 மைக்ரோ ஒண்ணு எடுத்து கெப்பாசிட்டன்ஸ் அளக்கற எல்சிஆர் மீட்டர்ல மாட்டி, பக்கத்துல சூடு அளக்கற தெர்மோகப்பிள் ஒட்டி, ஹாட் ஏர் கன்னை தூரமா வெச்சு மெதுவா சூடு பண்ணேன். 28 டிகிரில 21 மைக்ரோ காட்டுச்சு. 45ல 15. 65 டிகிரில 9. பாக்கும்போதே மனசு கஷ்டமா போச்சு, ஏன்னா பை மேல இருக்கற சீட்டுல தெளிவா எக்ஸ்5ஆர்னு அச்சடிச்சிருக்கு. எக்ஸ்5ஆர்னா மைனஸ் 55ல இருந்து 85 டிகிரி வரைக்கும் வேல்யூ 15 சதவீதத்துக்கு மேல மாறக்கூடாதுன்னு அர்த்தம். இது நடந்துக்கற விதம் அப்படியே ஒய்5வி, அதாவது சூட்டுக்கு ரொம்ப மாறற மட்டமான வகை. அந்த ஒய்5வி கோடுலயே 82 சதவீதம் வரைக்கும் குறையலாம்னு அனுமதி இருக்கு. மாடில பெட்டிக்குள்ள மதியம் 60 டிகிரி சுலபமா தாண்டும், நான் 44 மைக்ரோ போட்டிருக்கேன்னு நெனச்ச இடத்துல பாதிகூட இல்ல.

இங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும், இந்த மாதிரி பல அடுக்கு செராமிக் கெப்பாசிட்டர் (எம்எல்சிசி) உடம்பு மேல எதுவும் எழுதியிருக்காது. பழைய டிஸ்க் டைப்பா இருந்தா 104னு போட்டிருப்பான், இது பழுப்பு கலர்ல அரிசி நொய் மாதிரி ஒரு துண்டு, வேல்யூ கிடையாது, வோல்ட்டேஜ் கிடையாது, டைஎலக்ட்ரிக் (உள்ள இருக்கற செராமிக் வகை) என்னன்னு கிடையாது. அந்த காகித சீட்டை நம்பறதைத் தவிர வேற வழியே இல்ல. அதனால சீட்டுல தப்பா போடறது சின்ன விஷயம் இல்ல. நாலஞ்சு போர்டு பண்ணி விக்கிற ஒரு பையன் இதை நம்பித்தான் போடுவான், அவன் பேருதான் கெடும்.

அடுத்து இன்புட்ல போட்ட 10 மைக்ரோ. இதை சூடு பண்ணா பெருசா மாறல, அப்போ எக்ஸ்5ஆர் சீட்டு உண்மைதான். ஆனா 12 வோல்ட்ல எப்படின்னு பாக்கணுமே, மீட்டர் அதை காட்டாது. அதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு, கெப்பாசிட்டரை 12 வோல்ட்டுக்கு சார்ஜ் பண்ணி சப்ளையை கழட்டிட்டு 10கே (10,000 ஓம்) ரெசிஸ்டர் வழியா இறக்கி ஆசிலாஸ்கோப்ல பாருங்க. நிஜமா 10 மைக்ரோ இருந்தா 12ல இருந்து 6 வோல்ட் வர 69 மில்லிசெகண்ட் ஆகணும். எனக்கு 27லயே வந்துடுச்சு, அதாவது அந்த ரேஞ்சுல 4 மைக்ரோகூட இல்ல. அதே பீஸ் 3 வோல்ட்ல இருந்து ஒன்றரைக்கு இறங்க 58 மில்லிசெகண்ட் எடுத்துச்சு. ஸ்கோப்ல அந்த கோடு மேல சரசரன்னு விழுந்து கீழ வந்ததும் நிதானமா நடக்கற மாதிரி இருக்கும், பாடப் புத்தகத்துல படிக்கிற டிஸ்சார்ஜ் வளைவு மாதிரியே இருக்காது.

ஆனா இதுக்கு புக்கை குறை சொல்ல மாட்டேன், பெரிய பிராண்டு வாங்கினாலும் இந்த சைஸ்ல இது நடக்கும். உள்ள இருக்கறது பேரியம் டைட்டனேட். அந்த படிகத்துக்குள்ள மின்துருவங்கள் சுலபமா திரும்பறதாலதான் அவ்வளவு சின்ன துண்டுல அவ்வளவு சார்ஜ் அடங்குது, டிசி வோல்ட்டேஜ் ஏறினா அதெல்லாம் ஒரே பக்கமா திரும்பி இறுகிடும், அதுக்கப்புறம் திரும்பறதுக்கு மிச்சம் இருக்காது, கெப்பாசிட்டன்ஸ் விழுந்துடும். 0805க்குள்ள 10 மைக்ரோவை அடைக்கணும்னா நூத்துக்கணக்குல லேயர் வேணும், ஒவ்வொண்ணும் ஒரு மைக்ரான் கணக்குல மெலிசா இருக்கணும். ஒரு மைக்ரானுக்கு 12 வோல்ட்னா மில்லிமீட்டருக்கு 12,000 வோல்ட்! காத்தே 3,000ல உடைஞ்சிடும். அந்த அழுத்தத்துல நிக்கற பொருள் கிட்ட மீட்டர்ல காட்டின வேல்யூவையே எதிர்பாக்கறது நியாயமே இல்ல.

நிறைய பேர் இங்க குழம்பறாங்க, நானும் ரொம்ப நாள் குழம்பினேன்: எக்ஸ்7ஆர் (எக்ஸ்5ஆர் மாதிரியேதான், ஆனா 125 டிகிரி வரைக்கும்), எக்ஸ்5ஆர் கோடெல்லாம் டெம்பரேச்சருக்கு மட்டும்தான், வோல்ட்டேஜ் பத்தி அதுல ஒரு உறுதியும் கிடையாது. 16 வோல்ட்டுக்கு பதிலா 25 வோல்ட் ரேட்டிங் வாங்கினா சரியாயிடும்னும் சொல்ல முடியாது, ஒரே சைஸ்ல ரெண்டுக்கும் வோல்ட்டேஜ் ஏற ஏற வேல்யூ விழற வளைவு கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கலாம். சைஸை பெருசாக்கினாத்தான் லேயரை தடிமனா வைக்க இடம் கிடைக்கும்.

அதனால டிசைன் பண்ணும்போது வளைவைப் பாத்து எடுங்க. கெப்பாசிட்டர் கம்பெனி முராட்டாவோட சிம்சர்ஃபிங் டூல் இலவசம், பிரவுசர்லயே ஓடும், பார்ட் நம்பரை தேர்ந்தெடுத்து டிசி பயாஸ் வோல்ட்டேஜ் (கெப்பாசிட்டர் மேல நிக்கற டிசி), டெம்பரேச்சர் போட்டா மிச்சம் எவ்வளவுன்னு கிராஃபா காட்டும். அவங்க பார்ட்டுக்கு மட்டும்தான், ஆனாலும் பழக ரொம்ப நல்ல டூல். சாம்பிள் புக்கோட பெரிய குறையே இங்கதான் இருக்கு, பிராண்ட் இல்ல, பார்ட் நம்பர் இல்ல, எந்த வளைவைப் போய் பாப்பீங்க? நான் செஞ்ச மாதிரி ஸ்கோப்பை வெச்சு ஒவ்வொரு பக்கமா அளந்தாத்தான் உண்டு.

அப்படி அளந்ததுல பிகோ பக்கங்கள் ஆச்சரியமா நல்லா இருந்துச்சு. 1 நானோ (1,000 பிகோ) வரைக்கும் எல்லாமே நிஜமான சிஓஜி, அதாவது வேல்யூ மாறாத வகை, சூடு பண்ணாலும் வோல்ட்டேஜ் ஏத்தினாலும் அசையல, நான் எடுத்து பாத்த எல்லா பீஸும் 5 சதவீதத்துக்குள்ள. இதுல பேரியம் டைட்டனேட் மாதிரி மின்துருவம் திரும்பற ஃபெரோஎலக்ட்ரிக் சரக்கு கிடையாது, அதனாலதான் நிதானமா நிக்குது. கிரிஸ்டலுக்கும் ஃபில்டருக்கும் கண்ணை மூடிட்டு போடலாம். 100 நானோவும் ஒழுங்கான எக்ஸ்7ஆர்தான், ஐசி பக்கத்துல பைபாஸுக்கு (சப்ளை இரைச்சலை அடக்க) அதையே போட்டுட்டு இருக்கேன். 1 மைக்ரோ சுமார், 4.7ம் 10ம் மேசை மேல டெஸ்ட் பண்றதுக்கு மட்டும், 22 வேண்டவே வேண்டாம்.

நீங்க அளக்கறதா இருந்தா ரெண்டு விஷயம். சால்டர் பண்ண உடனே அளக்காதீங்க, சூடு பட்டா வேல்யூ கொஞ்சம் ஏறி அப்புறம் நாளாக நாளாக இறங்கும், ஒரு நாள் விட்டு அளங்க. இன்னொண்ணு, விலை கம்மியான மீட்டர் பல 1 வோல்ட்டுக்கு ரொம்ப கீழ, மில்லிவோல்ட் கணக்குலதான் அளக்கும், 10 மைக்ரோவை முறைப்படி 1 கிலோஹெர்ட்ஸ், 1 வோல்ட்ல அளக்கணும், கம்மி வோல்ட்ல அளந்தா வேல்யூ கம்மியாத்தான் தெரியும், அதனால மீட்டர் 8.5 காட்டினா உடனே கடைக்காரர் கிட்ட சண்டைக்கு போயிடாதீங்க. நான் 22 மைக்ரோ பையை எடுத்துட்டு போய் காட்டினப்போ அவர், "தம்பி, எங்களுக்கு பெட்டியா வருது, அப்படியே குடுக்கறோம்"னார். வேற பை கேட்டேன், இல்லன்னுட்டார்.

5க்கு 3 ஸ்டார் குடுப்பேன், அந்த மூணும் பிகோ பக்கங்களுக்காக. 22 மைக்ரோ பையை கிழிச்சு குப்பைல போட்டுட்டேன், 10 மைக்ரோ சீட்டு மேல "12 வோல்ட்ல 4"ன்னு மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கேன். மாடி போர்டுல அவுட்புட்டுக்கு பார்ட் நம்பரோட வாங்கின, 0805ஐ விட பெரிய 1206 சைஸ் எக்ஸ்7ஆர் மூணு, இன்புட்டுக்கு 25 வோல்ட் 1206 ரெண்டு போட்டேன், அந்த 25 வோல்ட் பீஸை அதே 10கே வெச்சு இறக்கி பாத்தப்போ 12ல இருந்து 6க்கு 45 மில்லிசெகண்ட் வந்துச்சு, அதாவது சுமார் 6.5 மைக்ரோ. போர்டு இப்போ பத்தொன்பது நாளா மதிய வெயில்ல ஓடிட்டு இருக்கு, இன்னும் ஒரு ரீசெட் இல்ல.