செயின்ட் அகஸ்டின் ‘இளமை ஊற்று’ப் பூங்கா: காசுக்கு எது பெறும்?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், செயின்ட் அகஸ்டின் ஊரின் மக்னோலியா அவென்யூவில் 15 ஏக்கரில் விரிந்திருக்கிறது இளமை ஊற்றுத் தொல்லியல் பூங்கா. ஸ்பெயினிலிருந்து வந்த ஹுவான் பொன்ஸ் தெ லியோன் 1513-ல் கரையிறங்கியது இங்கேதான், முதுமையைப் போக்கும் ஊற்றைக் கண்டதும் இங்கேதான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. நுழைவுச்சீட்டை விற்றுக் கொடுப்பது அந்தக் கதை. கொடுத்த காசுக்குப் பெறுமான இடம் அதே பூங்காவில் நீர்க்கரையை ஒட்டி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் ஊற்று வீட்டிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டு அந்த இடத்தை எட்டிப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள்.

ஊற்று வீட்டில் சின்னக் குவளையில் தண்ணீர் தருவார்கள். கெட்டுப்போன முட்டை வாசனை அடிக்கும், பயப்பட வேண்டாம். சுண்ணாம்புப் பாறை அடுக்குகளில் தேங்கியிருக்கும் நிலத்தடி நீர் இது. ஆக்ஸிஜன் இல்லாத ஆழத்தில் சில நுண்ணுயிர்கள் நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அந்த வாயுவின் நெடிதான் மூக்கில் ஏறுகிறது. குவளையைச் சில நிமிடம் அப்படியே வைத்திருந்தால் வாயு பறந்து நெடி குறையும். கனிமச் சுவை மட்டும் போகாது. குழந்தைகளுக்கு முதல் மிடறிலேயே முகம் சுளிக்கும், குடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கடையில் இதே நீரைப் புட்டியிலும் விற்கிறார்கள். ஒரு குவளை போதும், புட்டி தேவையில்லை.

அங்கேயே தரையில் பதித்த கல் சிலுவை ஒன்று உண்டு. நெடுக 15 கற்கள், குறுக்கே 13 கற்கள். சேர்த்துப் படித்தால் 1513. பொன்ஸ் தாமே பதித்துவிட்டுப் போன அடையாளம் என்பார்கள். இந்தச் சிலுவை கிடைத்ததாக அறிவித்தவர் லூயெல்லா டே மெக்கானல். மருத்துவரான அவர் 1904-ல் இந்த நிலத்தை வாங்கினார். 1909-ல் சிலுவையையும், அதோடு ஒரு வெள்ளி உப்புச் சிமிழையும் அதனுள் இருந்த தோல் ஆவணத்தையும் கண்டெடுத்ததாகச் சொன்னார். நிலத்துக்குச் சொந்தக்காரரும் அவரே, நுழைவுக் கட்டணம் வாங்கியவரும் அவரே, கண்டெடுத்தவரும் அவரே. நானூறு ஆண்டுகளில் வேறு யாரும் இந்தச் சிலுவையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஸ்பானியர் காலத்துச் சான்றாக இதை எடுத்துக்கொள்ளவே முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் சுற்றுலாத் தொழில் எப்படி வளர்ந்தது என்பதற்கான சான்றாகப் பாருங்கள். அந்த வகையில் நல்ல சான்று.

பொன்ஸ் வந்தது மெய். 1513 மார்ச்சில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று கப்பல்களோடு கிளம்பி, ஏப்ரல் 2-ஆம் தேதி வாக்கில் இந்தக் கடற்கரையைக் கண்டார். ஈஸ்டர் காலம், ஸ்பானிய மொழியில் ‘பாஸ்குவா ஃபுளோரிடா’, மலர்களின் திருவிழா. ஃபுளோரிடா என்ற பெயர் அப்படி வந்தது. எந்த இடத்தில் இறங்கினார் என்பதில்தான் சிக்கல். பயணக் குறிப்புகளை வைத்து ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஹெரேரா 1601-ல் எழுதிய வரலாற்றில் 30 பாகை 8 கலை (30° 8′) என்ற அட்சரேகை வருகிறது. அது செயின்ட் அகஸ்டினுக்குச் சற்று வடக்கே. ஆடும் கப்பல் தளத்தில் நின்று சூரியனை அளந்த அக்காலக் கருவியில் ஒரு பாகை பிசகுவது சகஜம். ஒரு பாகை என்றால் 111 கிலோமீட்டர். அந்தப் பிசகையும் தாண்டி, சுமார் 200 கிலோமீட்டர் தெற்கேயுள்ள மெல்பர்ன் பீச்சும் ‘இறங்கியது எங்கள் ஊரில்’ என்று உரிமை கொண்டாடுகிறது.

ஊற்றைத் தேடித்தான் வந்தார் என்பதும் நிற்காது. 1512-ல் மன்னர் ஃபெர்டினாண்டோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிமினி என்ற தீவும் தங்கமும் பழங்குடிகளை வேலையாட்களாகப் பங்கிடும் முறையும் உண்டு; ஊற்று இல்லை. 1521-ல் ஃபுளோரிடாவில் அம்புக் காயம் பட்டு, கியூபாவில் இறந்தார். அவரையும் ஊற்றையும் முடிச்சுப் போட்டு ஒவியேதோ என்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர் எழுதியது 1535-ல்.

இனி நீர்க்கரைக்கு வாருங்கள். 1565 செப்டம்பர் 8-ல் ஸ்பானியத் தளபதி பெத்ரோ மெனெந்தெஸ் தே அவிலெஸ் தம் ஆட்களோடு இறங்கி, டிமுக்குவா பழங்குடி மக்களின் செலோய் கிராமத்தில் குடியேறினார். ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. டிமுக்குவாக்களோடு பகை முற்றியதால் 1566-ல் எதிரிலுள்ள அனஸ்தேசியா தீவுக்குக் குடிமாற்றினார்கள். தொல்லியலாளர் கேத்லீன் டீகன் தலைமையில் 1976 முதல் பல பருவங்கள் அகழ்ந்து உறுதி செய்த இடம் இது. மரத்தூண் மட்கிய இடத்தில் மணல் கருத்து, வட்டமாக ஒரு கறை மிஞ்சும். கறைகளை வரிசையாகக் கோத்தால் சுவர் எங்கே ஓடியது என்று தெரியும். கூடவே கிடைத்த பானை ஓடும் ஈயக் குண்டும் காலத்தைச் சொல்லும். இன்று புல்தரை மட்டும் தெரிவதால் வெறுமனே நடந்துவிடுவார்கள். அறிவிப்புப் பலகைகளைப் படித்துவிட்டு நின்று பாருங்கள். பக்கத்திலேயே டிமுக்குவாக்களின் புதைவிடம். 1934-ல் தோட்டவேலையின்போது வெளிப்பட்டது. எலும்புகள் நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. அதை மூடியது மிகச் சரி. அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. கோளரங்கமும் இருட்டறையில் ஒளிரும் பெரிய பூமி உருண்டையும் குறிப்பிட்ட நேரத்தில்தான் நடக்கும். உள்ளே நுழைந்ததும் அன்றைய நேரப் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பீரங்கி வெடிக்கும்போது கைக்குழந்தையோடு பின்னால் நில்லுங்கள். கொல்லன் பட்டறையில் கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வார்கள். மயில்கள் நம் ஊர் நீல மயில்தான், வெள்ளையும் உண்டு. தோகை வேண்டுமென்றால் வசந்தத்தில் போங்கள், கோடை முடிவில் உதிர்த்துவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை வழக்கம். காலையில் திறந்ததும் போய், நீர்க்கரையை முதலில் பார்த்து, வெயில் ஏறியதும் ஊற்று வீட்டுக்குள் நுழைவது உத்தமம். சதுப்பு ஓரத்தில் கொசு கடிக்கும். முழுக்கைச் சட்டை உதவும். இரண்டரை மணி நேரம் வேண்டும். பூங்காவுக்குள்ளேயே கார் நிறுத்தலாம். பழைய நகர மையத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், அதனால் காரை எடுக்குமுன் இங்குள்ளதை எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள். தெற்கே ஏறத்தாழ ஒரு மைலில், 1672-ல் கட்டத் தொடங்கிய காஸ்தியோ தெ சான் மார்கோஸ் கோட்டை இருக்கிறது. கிளிஞ்சல்கள் இறுகி உருவான கொக்கீனாக் கல்லை அதன் சுவரில் கையால் தடவிப் பார்த்தால், அதே கல்லில் செய்த அந்தச் சிலுவைக்குக் கல் தேட வெகு தூரம் போகவேண்டியிருந்திருக்காது என்பது புரியும்.