ஒரே வீட்டில் தடுப்புச் சுவரா, தனி வீடா? டூயல் பூட் போட்டவனின் கணக்கு

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே தேங்காய்க் களம். கொப்பரை போவது பொள்ளாச்சிக்கும் காங்கேயத்துக்கும், மகள் படிப்பது கேரள அரசுப் பள்ளியில், தமிழ் மீடியம். வீட்டில் இருக்கும் ஒரே டெஸ்க்டாப்புக்கு இரண்டு எஜமானர்கள் என்று ஆனது இப்படித்தான். எனக்குக் கணக்கும் பில்லும் போடும் டேலி வேண்டும், அது விண்டோஸுக்காக எழுதியது. அவளுக்கு உபுண்டு வேண்டும், அது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் வகை. 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017 முதல் கைட் என்ற பெயரில் நடக்கிற திட்டத்தில் இங்கே பள்ளிகள் எல்லாம் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டன. அவளுடைய கணினிப் பாடமான ஐசிடி புத்தகம் தமிழிலேயே வருகிறது. அதில் இருக்கும் ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ் பாடங்கள் எல்லாம் உபுண்டு திரையை வைத்துத்தான்.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஓஎஸ், அதாவது இரண்டு இயங்குதளம் வைத்து, எழும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் டூயல் பூட். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் அது புதிதல்ல. தமிழ்நாட்டில் 2011-இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸும், இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பொள்ளாச்சியில் என் தங்கை பெண்ணுக்கும் ஒன்று கிடைத்தது. அதில் பாஸ் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு கதை.

இரண்டு ஓஎஸ் வேண்டும் என்றால் வழி நாலைந்து உண்டு. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல், புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அருமையானது. புத்தகத்தில் பார்த்த மெனு அப்படியே கண்ணெதிரே வேண்டும் என்கிற பிள்ளைக்கு ஒத்துவராது. விண்டோஸுக்குள் ஒரு ஜன்னலில் முழு உபுண்டுவையும் ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸை இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். என்னிடம் இருப்பது 8 ஜிபி ராம். அதில் பாதியை உபுண்டுவுக்குக் கொடுத்தால் இரண்டுமே தள்ளாடுகின்றன. 16 ஜிபி வைத்திருப்பவர் வேறு மாதிரி சொல்லக்கூடும், என் அனுபவம் அந்த இரண்டு வாரத்தோடு சரி. பென் டிரைவில் இருந்து ஓட்டுவது சோதித்துப் பார்க்க மட்டும்.

ஆக, மிச்சம் இருப்பது இரண்டு: இருக்கிற டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் அதிலேயே போடுவது, அல்லது உபுண்டுவுக்கென்று தனி டிஸ்க் வாங்கி மாட்டுவது. நான் இரண்டும் செய்து பார்த்தவன். தனி டிஸ்க் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரே டிஸ்க்கின் பெருமை, செலவில்லை என்பதுதான். விண்டோஸிலேயே டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் சி டிரைவைச் சுருக்கி, காலி இடத்தில் உபுண்டுவை இறக்கினால் ஒரு மணி நேர வேலை. 2022-இல் அப்படித்தான் செய்தேன். சுருக்கும்போதே முதல் முட்டுக்கட்டை. டிஸ்க்கில் 200 ஜிபி காலி, ஆனால் 40 ஜிபிக்கு மேல் சுருங்க மாட்டேன் என்றது. நகர்த்த முடியாத சில ஃபைல்களை விண்டோஸ் நடுவில் வைத்திருக்கும், அதைத் தாண்டிச் சுருக்காது. சரி, 40 போதும் என்று விட்டேன். மகள் வீடியோ எடிட்டிங் பழக ஆரம்பித்த ஆறாவது மாதம் அது நிரம்பிவிட்டது. பெரிதாக்கலாம் என்றால், பார்ட்டிஷனின், அதாவது டிஸ்க்கில் உபுண்டுவுக்குப் பிரித்த பகுதியின், தொடக்கத்தையே நகர்த்த வேண்டும், உள்ளே இருக்கிற மொத்தமும் இடம் மாற வேண்டும். மணிக்கணக்கில் ஓடும் வேலை. நடுவில் கரண்ட் போனால் போனதுதான். ஆடிக் காற்றில் எங்கள் ஊரில் அந்தப் பந்தயம் கட்ட எனக்குத் தைரியம் இல்லை.

இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். உபுண்டுவை எடுத்துவிட்டு அப்புறம் புதிதாகப் போடலாம் என்று, விண்டோஸில் இருந்தபடியே அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை காங்கேயம் லோடு. லாரி வாசலில் நிற்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரை, க்ரப் என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு கோடு மினுக் மினுக் என்கிறது. விண்டோஸ் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது, கதவுதான் இல்லை. காரணம் எளிது: கம்ப்யூட்டர் எழுந்ததும் முதலில் தேடும் சின்னப் பகுதி ஒன்று டிஸ்க்கில் உண்டு, இஎஃப்ஐ பார்ட்டிஷன். விண்டோஸ் அதை வழக்கமாக 100 எம்பி அளவில் போடும். ஒரே டிஸ்க்கில் இரண்டு ஓஎஸ் இருந்தால் இரண்டின் துவக்க ஃபைல்களும் அந்த ஒரே திண்ணையில்தான் படுத்திருக்கும். எந்த ஓஎஸ் என்று கேட்டுத் திறந்துவிடும் உபுண்டுவின் துவக்க புரோகிராம்தான் க்ரப். அது எழுந்து, அழிந்துபோன உபுண்டுவைத் தேடிக்கொண்டு நின்றுவிட்டது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் போய் விண்டோஸை முதலாவதாக வைத்தால் இரண்டு நிமிட வேலை என்பது இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது. கையால் பில் எழுதித்தான் லாரியை அனுப்பினேன்.

தனி டிஸ்க்கை நான் பிடித்துக்கொண்டது இதற்காகத்தான். வேகம், இடம் எல்லாம் அப்புறம். ஒன்றில் கை வைத்தால் இன்னொன்று கெடுமா, கெடாதா? வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் வைத்துப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, நான் வாங்கியபோது 1,700 ரூபாய் ஆனது. உபுண்டு முழுக்க அதில். போன வருடம் விண்டோஸ் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டு உயிரை விட்டது. மகளுக்கு அது தெரியவே தெரியாது, அன்று மாலையும் அவள் பாடத்தைச் செய்துகொண்டிருந்தாள். புது டிஸ்க் வாங்கி விண்டோஸைத் திரும்பப் போட்டபோதும் உபுண்டு பக்கம் நான் தொடவில்லை. டேலி பேக்கப் பென் டிரைவில் இருந்ததால் தப்பித்தேன், அது தனி டிஸ்க்கின் புண்ணியம் அல்ல.

ஆனால் தனி டிஸ்க் மாட்டினால் மட்டும் போதாது. இன்ஸ்டால் செய்யும்போது உபுண்டுவை இரண்டாவது டிஸ்க்கில் போடச் சொன்னாலும், துவக்க ஃபைல்களை முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியில் கொண்டுபோய் வைத்துவிடும் பழக்கம் அதற்கு உண்டு. அப்படி ஆனால் காசு கொடுத்து வாங்கிய தனி வீட்டுக்குப் பழைய வீட்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் கம்ப்யூட்டரை அணைத்து, விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு உபுண்டுவைப் போடுங்கள். முடிந்ததும் திரும்ப மாட்டுங்கள். எங்கள் வீட்டில் பவர் போட்டால் நேராக விண்டோஸ். மகள் மட்டும் எஃப் 11 அழுத்தி அவள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பாள். சில போர்டுகளில் அது எஃப் 12, சிலவற்றில் எஃப் 8.

தனி டிஸ்க் எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, நம்பகமான துவக்க ஃபைல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் போட்டிருந்த டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் திறக்க விடாமல் செய்தது. அந்தத் தடை எழுதப்படுவது மதர்போர்டின் நினைவகத்தில். டிஸ்க் ஒன்றா இரண்டா என்பதை அது பார்ப்பதில்லை. கடிகாரமும் அப்படித்தான். போர்டில் இருக்கும் நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், உபுண்டு கிரீன்விச் நேரமாகவும் எடுத்துக்கொள்ளும். முதல் நாள் மகள் உபுண்டுவில் இருந்து எழுந்து போயிருந்தாள். காலை ஐந்து மணிக்கு நான் விண்டோஸைத் திறந்தால் திரையில் இரவு 11:30, அதுவும் முந்தின நாள் தேதி. பக்கத்தில் நின்ற களத்து ஆள், "ஏனுங்ண்ணா, கம்ப்யூட்டருக்கு இன்னும் விடியலையாட்ட இருக்குது" என்றான். தேதியைப் பார்க்காமல் பில் அடித்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது. உபுண்டுவை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். விண்டோஸில் சீக்கிரம் எழுவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாகத் தூங்காமல் அரைக்கண்ணில் கிடக்கும், அதன் டிரைவில் உபுண்டுவால் எதையும் எழுத முடியாது.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு என் கட்சி அவ்வளவு உதவாது. இப்போது வரும் மெலிந்த லேப்டாப்கள் பலவற்றில் எஸ்எஸ்டி மாட்ட ஒரே ஒரு ஸ்லாட்தான். அவர்கள் டிஸ்க்கைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். உபுண்டுவுக்குக் குறைந்தது 100 ஜிபியாவது முதலிலேயே ஒதுக்குங்கள். விண்டோஸ் 11 என்றால், டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் என்கிரிப்ஷனை உங்களைக் கேட்காமலே போட்டிருக்கலாம். 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், பார்ட்டிஷனில் கை வைக்கும் முன் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான் அதை டேலி லைசன்ஸ் எழுதிய அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.